மூக்குத்தி குத்திய இடத்தில் கட்டி, கவரிங் போட்டால் அரிப்பு: இரண்டும் ஒரே கோளாறா?

ஐந்து மாதத்துக்கு முன் நகைக்கடையில் மூக்குக் குத்தி 916 தங்க மூக்குத்தி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு துளையின் ஓரத்தில் மிளகளவு சிவந்த கட்டி வந்தது, தொட்டால் ரத்தம் கசிகிறது. பள்ளி நாட்களிலிருந்தே கவரிங் தோடு போட்டால் மறுநாளே காது அரித்து நீர் வடியும் என்பதையும் சொல்லியிருக்கிறீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் களிம்பைப் பத்து நாளாகத் தடவிய பின், மூக்கின் அந்தப் பக்கம் முழுவதும் சிவந்து அரிக்கிறது. அம்மா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வைக்கச் சொல்கிறார். கடைக்காரர், உங்கள் உடம்புக்குத் தங்கம் சேரவில்லை, வெள்ளி போடுங்கள் என்கிறார். தோழி கழற்றிவிடச் சொல்கிறார். இதற்கிடையில் அடுத்த மாதம் உங்கள் பெண் குழந்தைக்குக் காது குத்து வைத்திருக்கிறீர்கள். எந்தக் களிம்பு போடலாம் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எழுத்துக்குள் இருக்கும் கவலை வேறு: உலோகமே ஆகாத உடம்பா எனக்கு, மூக்குத்தியை விட்டுவிட வேண்டியதுதானா, என் மகளுக்கும் இது வருமா?

தோல் மருத்துவராகப் பல ஆண்டுகளாக இதே போன்ற காதுகளையும் மூக்குகளையும் பார்த்துவருகிறேன். நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால், இது ஒரே நோய் இல்லை. மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. காதில் வருவது நிக்கல் ஒவ்வாமை. இதில் எனக்குச் சந்தேகம் மிகக் குறைவு. மூக்கில் இருக்கும் கட்டி பெரும்பாலும் உலோகத்தால் வந்தது அல்ல. மூக்குத்தியின் தண்டும் திருகாணியும் உரசி, ஆறாத புண்ணில் சதை வளர்ந்திருக்கிறது. கட்டியைச் சுற்றிப் பரவிய அரிப்பும் சிவப்பும் அந்தக் களிம்பினாலேயே வந்திருக்க வாய்ப்பு அதிகம். நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டியின் தன்மையை விரலால் தொட்டும், மூக்கின் உட்பக்கத்தை விளக்கு அடித்துப் பார்த்தும்தான் உறுதி செய்ய முடியும். புகைப்படத்தில் உட்பக்கம் தெரியாது. பாதி விடை அங்கேதான் இருக்கும்.

முதலில் காது. நிக்கல் என்பது மலிவு நகைகளில் பல இடங்களில் ஒளிந்திருக்கும் உலோகம். கவரிங் நகையின் உள்ளுடல் செம்பு அல்லது பித்தளை. அதன் மேல் மெல்லிய தங்க முலாம். முலாம் நன்றாகப் பிடிக்கவும் பளபளப்பாக நிற்கவும் இரண்டுக்கும் நடுவில் பல பட்டறைகளில் நிக்கல் பூச்சு கொடுப்பது வழக்கம். மேலே உள்ள தங்கம் தேய்ந்ததும் வியர்வை நிக்கலைத் தொடுகிறது. வியர்வையின் உப்பில் நிக்கல் மிகச் சிறிய அளவில் கரைந்து தோலுக்குள் இறங்குகிறது. முதல் தடவையில் பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாது. ஆனால் சிலரின் தோலில் உள்ள எதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியப் பொருளாகப் பதிந்து வைத்துக்கொள்கின்றன. அந்தப் பதிவு உருவாக இரண்டு வாரம் போல ஆகலாம். மாதங்களோ ஆண்டுகளோ தொடர்ந்து அணிந்த பிறகும் உருவாகலாம். ஒருமுறை பதிந்துவிட்டால், அடுத்த தடவை நிக்கல் பட்ட ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் அரிப்பு, சிவப்பு, பொடிப் பொடியாக நீர்க் கொப்புளங்கள், பிறகு பொருக்கு என்று வரிசையாக வரும். போட்ட ஐந்தாவது நிமிடம் வருவதல்ல இது. ‘மறுநாள் அரிக்கும்’ என்று நீங்கள் எழுதியதுதான் என்னை இவ்வளவு உறுதியாகப் பேசவைக்கிறது.

இதை நீங்களே சரிபார்க்க ஒரு வழி உண்டு. நிக்கல் ஒவ்வாமை காதோடு நிற்பதில்லை. ஜீன்ஸ் பொத்தான் படும் இடத்தில், தொப்புளுக்குக் கீழே, கறுத்துத் தடித்த திட்டு இருக்கிறதா? கைக்கடிகாரத்தின் பின்பக்கம், கண்ணாடிச் சட்டம் படும் மூக்குத்தண்டு, முடிக் கிளிப் படும் பிடரி ஆகிய இடங்களைப் பாருங்கள். நம் பெண்கள் தாலிச் சரட்டில் ஊக்குகளைக் கொத்தாக மாட்டி வைக்கும் வழக்கம் உண்டு. மார்பின் நடுவில் ரூபாய் அளவுக்கு அரித்துக் கறுத்த தோலோடு வரும் பெண்கள், தாலிக்கொடியால் வந்ததோ என்று பயந்து அதைச் சொல்லவே தயங்குவார்கள். தாலியைத் தூக்கிப் பார்த்தால் அடியில் நான்கு ஊக்குகள் இருக்கும். ஊக்கை எடுத்துவிட்டால் சில வாரங்களில் தோல் தெளிந்துவிடும். தங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

ஐரோப்பாவில் இந்த ஒவ்வாமை பெண்களிடம் பெருகியதைப் பார்த்து முதலில் டென்மார்க் 1990 வாக்கில் நிக்கலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 1994இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைப் பின்பற்றிச் சட்டம் செய்தது. இன்று அங்கே காது மூக்குத் துளைக்குள் போகும் தண்டிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வாரத்தில் 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது. தோலின் மேல் நெடுநேரம் படும் பொருள்களுக்கு 0.5 மைக்ரோகிராம். கவனியுங்கள், நகையில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு வெளியே வருகிறது என்பதைத்தான் அளக்கிறார்கள். சட்டத்துக்குப் பின் காது குத்திக்கொண்ட டேனிஷ் சிறுமிகளிடம் இந்த ஒவ்வாமை கணிசமாகக் குறைந்ததைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. நம் ஊர் வளையல் கடையில் தொங்கும் அட்டையில் இந்த விவரம் எதையும் நீங்கள் பார்க்க முடியாது. ‘ஸ்கின் ஃபிரண்ட்லி’, ‘அலர்ஜி ஃப்ரீ’ என்று அச்சிட்டிருப்பதை நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது கடைக்காரர் சொன்ன தங்கத்துக்கு வருகிறேன். தங்கத்துக்கு ஒவ்வாமையே வராது என்று சொல்ல மாட்டேன். வரும், ஆனால் அபூர்வம். தங்கம் வியர்வையில் எளிதில் கரைவதில்லை. தங்க உப்பை வைத்துப் பரிசோதித்தால் பலருக்குத் தோல் சிவக்கும். அவர்களிலேயே பெரும்பாலோர் தங்கம் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். மீதி 8.4 சதவீதம் பொதுவாகச் செம்பும் வெள்ளியும். நல்ல 22 காரட் மஞ்சள் தங்கத்தில் நிக்கல் பிரச்சினை பெரும்பாலும் எழாது. ஆனால் மூன்று ஓட்டைகள் உண்டு. ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் அளவைத்தான் சொல்கிறது, மீதி என்ன என்பதைச் சொல்வதில்லை. 2021இல் ஹால்மார்க் கட்டாயமானபோது 2 கிராமுக்குக் குறைவான நகைகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். பெரும்பாலான மூக்குத்திகள் அந்த எடைக்குள் வந்துவிடும். ஆகவே பில்லில் 916 என்று எழுதியிருந்தாலும் உங்கள் மூக்குத்தியில் முத்திரை இல்லாமல் இருக்கலாம். மூன்றாவது, கல் வைத்த பகுதி ஒரு தரமும் திருகாணி வேறு தரமுமாக இருப்பது. வைர மூக்குத்தி பெரும்பாலும் 18 காரட்டில் வரும். வெள்ளைத் தங்கமாக இருந்தால் அந்த வெண்மைக்கு நிக்கலோ பல்லேடியமோ சேர்த்திருப்பார்கள். திருகாணி என்ன தரம் என்று கடையில் தனியாகக் கேளுங்கள். பலர் கேட்காமல் விடுவது இதைத்தான்.

உங்கள் மூக்கைப் பொறுத்தவரை உலோகத்தை நான் முதல் குற்றவாளியாக நினைக்காததற்குக் காரணம் அந்தக் கட்டியின் இயல்பு. ஒவ்வாமை துளையைச் சுற்றி வட்டமாகப் பரவும்; அரிப்பு முன்னால் நிற்கும், வலி பின்னால். உங்களுக்கு இருப்பதோ ஒரே பக்கத்தில், ஒரே புள்ளியில், ஈரமாக, தொட்டால் ரத்தம் வரும் சதை. புதுச் செருப்பு கடித்த இடத்திலேயே மறுபடி மறுபடி கடித்தால் புண் எப்படி ஆறாமல் நிற்குமோ அப்படித்தான் இதுவும். புண் ஆற உடம்பு புதிய ரத்தக் குழாய்களையும் சதையையும் அனுப்புகிறது. மேல் தோல் மூடுவதற்குள் மறுபடி உரசல், மறுபடி சதை. மூக்குத் துளை முழுதாக ஆற நான்கிலிருந்து ஆறு மாதம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். காது மடலின் மென்பகுதி ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடுவதால் மூக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். வெளியே ஆறியதுபோல் தெரியும். உள்ளே துளையின் சுவர் இன்னும் பச்சைப் புண்.

உரசல் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுதான் வைத்தியத்தின் பெரும்பகுதி. குத்தும்போது வீக்கத்துக்கு இடம் விட்டு நீளமான தண்டு போடுவார்கள். வீக்கம் வடிந்ததும் அந்த நீளம் ஆட ஆரம்பிக்கும். துண்டில் சிக்கும், முகம் கழுவும்போது இழுபடும், ஒரே பக்கம் படுத்தால் சாயும். சாய்ந்த பக்கத்தில் கட்டி வரும். இதற்கு நேர் எதிரானதும் உண்டு. விழுந்துவிடக் கூடாது என்று திருகாணியை இறுக்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட மூக்கில் உட்பக்கம் விளக்கடித்தால், திருகாணியின் விளிம்பு சவ்வுக்குள் பாதி புதைந்து, மேலே காய்ந்த சளியும் பொருக்கும் மூடியிருக்கும். வெளியில் கல் மட்டும் அழகாக மின்னும். உங்கள் கட்டி இரண்டு மாதம் கழித்து வந்தது என்பதால், வீக்கம் வடிந்து தண்டு தளர்ந்த காலத்தோடு அது ஒத்துப்போகிறது. பொருக்கை நகத்தால் பெயர்ப்பது, தினமும் மூக்குத்தியைச் சுற்றிவிடுவது ஆகிய இரண்டும் இதைக் கூட்டும். துளை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சுற்றிவிட வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்லிக்கொடுப்பார்கள். அதை நிறுத்திவிடுங்கள்; சுற்றும்போதெல்லாம் புதுத் தோல் கிழிகிறது.

இது கீலாய்டு என்ற புடைத்து வளரும் தழும்பு ஆகிவிடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். கீலாய்டு கெட்டியாக, மழமழப்பாக, புண்ணின் எல்லையைத் தாண்டி மெல்ல வளரும், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குப் பிறகே தலைகாட்டும், தொட்டதும் ரத்தம் கசியாது, தானாகச் சுருங்காது. காது மடலில் அது சாதாரணம், மூக்கில் அவ்வளவு இல்லை. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அம்மைத் தடுப்பூசித் தழும்போ அறுவைத் தழும்போ புடைத்து வளர்ந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள். கீலாய்டை வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பும். அதற்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவதும் அழுத்தம் கொடுப்பதும்தான் வழி. யாராவது ‘சின்னதாக வெட்டிவிடலாம்’ என்றால் இரண்டாவது கருத்துக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

அடுத்தது களிம்பு. பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் நம் மருந்துக்கடைகளில் புண் என்று சொன்னதும் கைக்கு வருபவற்றில் பல நியோமைசின் கலந்தவை: நியோஸ்போரின் பவுடர், களிம்பு, பெயரின் கடைசியில் ‘என்’ என்று முடியும் சில ஸ்டீராய்டுக் கலவைகள். நியோமைசின் உலகம் முழுவதும் தொடு ஒவ்வாமைக்குப் பெயர்போனது. சோஃப்ராமைசினில் உள்ள ஃப்ரமைசெடின் அதன் நெருங்கிய உறவு. ஒன்று ஆகாதவருக்கு இன்னொன்றும் ஆகாமல் போவது வழக்கம். புண் ஆறவில்லை என்று மேலும் தடவுவார்கள், மேலும் சிவக்கும், கிருமி பரவிவிட்டது என்று இன்னும் தடவுவார்கள். இந்தச் சுழலில் சிக்கியவர்கள் நிறையப் பேர். இன்றே அதை நிறுத்துங்கள். டியூபைத் தூக்கி எறிய வேண்டாம். மருத்துவரிடம் கொண்டுபோங்கள், அதன் பின்னால் இருக்கும் பட்டியல்தான் அவருக்கு வேண்டும். மஞ்சளில் கிருமியை அடக்கும் குணம் இருக்கிறது என்று அம்மா சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறாத துளைக்குள் அரைத்த மஞ்சளின் துகள் அடைத்துக்கொண்டு புண்ணைக் கிளறும், மஞ்சளுக்கே ஒவ்வாமை வருபவர்களும் உண்டு. எண்ணெய் பொருக்கோடு சேர்ந்து பிசுக்காக நின்று தூசியைப் பிடித்து வைக்கும். இணையத்தில் பரவலாகச் சொல்லப்படும் டீ ட்ரீ எண்ணெயும் தோலைச் சிவக்கவைக்கும் பட்டியலில் இருப்பதுதான். ஸ்பிரிட், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவை கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கும் அணுக்களையும் கொல்லும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கீழே சொல்பவை இருந்தால் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்: பரவிக்கொண்டே போகும் சூடான வீக்கம், துடிக்கும் வலி, பச்சையாகவோ கெட்டியாகவோ வரும் சீழ், காய்ச்சல், கண் பக்கம் ஏறும் வீக்கம். மூக்கின் உள்ளே ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடியிருக்கிறது. புண் கிடைத்தால் உள்ளே இறங்கும். மூக்குப் பகுதி ரத்தக் குழாய்கள் மண்டைக்குள் இருக்கும் குழாய்களோடு தொடர்புள்ளவை என்பதால் அங்கே சீழ்க் கட்டியைப் பிதுக்குவது ஆபத்து. காதின் மேல் பகுதியில், குருத்தெலும்பில் குத்திக்கொண்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மேல் காது சிவந்து வீங்கி, கீழே தொங்கும் மடல் மட்டும் சாதாரணமாக இருந்தால், அது குருத்தெலும்பு உறையில் தொற்று. அதற்குப் பெரும்பாலும் காரணம் சூடோமோனாஸ் என்ற கிருமி. மருந்துக்கடையில் வழக்கமாகக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் அதன்மேல் வேலை செய்யாது. தாமதித்தால் குருத்தெலும்பு கரைந்து காது நிரந்தரமாகச் சுருங்கிவிடும். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒரு நகைக் கடையில் மேல் காது குத்திக்கொண்ட பலருக்கு இதே தொற்று வந்தது. குத்துமுன் தோலைச் சுத்தம் செய்யத் தெளித்த மருந்துப் பாட்டிலிலேயே கிருமி வளர்ந்திருந்ததாகக் கண்டுபிடித்தார்கள்.

உங்கள் கடிதத்தில் இந்த அறிகுறிகள் இல்லை. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது சிறிது. மருந்துக்கடையில் நார்மல் சலைன் என்று கேட்டால் 0.9 சதவீத உப்புநீர் சிறு பாட்டிலில் கிடைக்கும். சுத்தமான பஞ்சுத் துணியையோ காஸையோ அதில் நனைத்துக் காலையிலும் இரவிலும் சில நிமிடம் ஒற்றி வையுங்கள்; ஊறிய பொருக்கு தானாக வந்தால் எடுங்கள், வராததை விட்டுவிடுங்கள். பிறகு ஒற்றி உலர்த்துங்கள். ஈரத்தோடு விடுவது கட்டியை வளர்க்கும். வீட்டில் உப்பைக் கரைத்துக்கொள்வதானால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம், அதாவது ஒன்றரை டீஸ்பூன் போல. அதிகம் போட்டால் நன்றாக வேலை செய்யும் என்று எண்ணாதீர்கள், தோல் வறண்டு எரியும். திறந்த சலைன் பாட்டிலை நாள்கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டாம். முகப்பூச்சு, பவுடர், வாசனைச் சோப்பு அந்த இடத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துண்டுக்குப் பதில் மெல்லிய பருத்தித் துணியால் முகத்தை ஒற்றுங்கள்.

அதோடு மூக்குத்தியின் அளவைச் சரிசெய்ய வேண்டும். உங்களுக்கான முக்கியமான சிகிச்சையாக நான் இதைத்தான் கருதுகிறேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று கழற்ற முயலாதீர்கள். ஐந்து மாதத் துளை சில மணி நேரத்திலேயே உட்பக்கம் தூர்ந்துவிடும், பிறகு திணித்தால் புதுப் புண். தோல் மருத்துவரிடமோ காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமோ, அல்லது கருவிகளை ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிப் பாத்திரத்தில் வேகவைத்துப் பயன்படுத்தும் துளையிடும் ஸ்டூடியோவிலோ மாற்றச் சொல்லுங்கள். உட்பக்கம் தட்டையான அடியுடன், மூக்கின் தடிமனுக்குப் பொருந்தும், வழவழப்பான தண்டு வேண்டும். மரை வெட்டிய திருகுத் தண்டு துளைக்குள் இருந்தால் மரையின் பள்ளங்கள் சதையை அராவும். வளையத்தை இப்போது போடாதீர்கள், அது ஓயாமல் சுழலும். சரியான அளவு போட்ட பின் பெரும்பாலான கட்டிகள் சில வாரங்களில் வற்றத் தொடங்குகின்றன. வற்றாமல் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால் மருத்துவர் சில்வர் நைட்ரேட்டால் தொட்டோ மின்சூட்டாலோ பொசுக்கிவிடுவார். கசியும் கட்டியைக் கூர்ந்து பார்க்காமல் மாதக் கணக்கில் வைத்திருப்பது நல்லதல்ல.

எந்த உலோகம் என்றால், நிக்கல் ஒவ்வாமை உள்ள உங்களுக்கு என் முதல் தேர்வு டைட்டானியம். எலும்புக்குள் பொருத்தும் கருவிகளுக்கான ஏ.எஸ்.டி.எம். எஃப் 136 தரம் என்று கேளுங்கள். அதில் அலுமினியமும் வனேடியமும் சிறிது உண்டு, நிக்கல் சேர்ப்பதில்லை. நியோபியமும் நல்லது, கிடைப்பது அரிது. அடுத்த இடம் நிக்கல் சேராத, துளையில்லாமல் வழவழப்பாகச் செய்த உயர் காரட் மஞ்சள் தங்கம். ‘சர்ஜிகல் ஸ்டீல்’ என்று விற்பதில் ஒரு சிக்கல். 316 எல் என்ற நல்ல தரத்திலேயே 10 முதல் 14 சதவீதம் நிக்கல் இருக்கிறது. அது உலோகக் கட்டமைப்புக்குள் இறுகப் பிணைந்திருப்பதாலும் மேலே குரோமியம் ஆக்சைடு படலம் இருப்பதாலும் வெளியே வருவது மிகக் குறைவு, பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் கடையில் அந்தப் பெயரில் இருப்பதெல்லாம் அந்தத் தரம் என்று நம்ப முடியாது. கடைக்காரர் சொன்ன வெள்ளியை ஆறாத துளையில் போடவே வேண்டாம். அது கறுக்கும், அதன் நுண்துகள் தோலில் இறங்கிச் சாம்பல் நிறப் புள்ளியாக நிரந்தரமாக நின்றுவிடக்கூடும். அழகான மூக்கில் அந்தக் கறையைப் போக்குவது எளிதல்ல.

சந்தேகம் இல்லாமல் தெரிந்துகொள்ள விரும்பினால் பேட்ச் பரிசோதனை செய்துகொள்ளலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் கேட்டுப் பாருங்கள். முதுகில் சிறு சிறு கிண்ணங்களில் வாசலினில் கலந்த நிக்கல் சல்பேட், கோபால்ட், குரோமியம், நியோமைசின், வாசனைப் பொருள்கள் என்று வரிசையாக ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்து ஒருமுறை, மீண்டும் மூன்றாம் அல்லது நான்காம் நாள் ஒருமுறை பார்ப்பார்கள். இரண்டாவது பார்வைதான் முக்கியம். உலோகங்கள் தாமதமாகவே தலைகாட்டும், பலர் அந்த இரண்டாவது பார்வைக்கு வராமல் தவறவிடுகிறார்கள். அந்த நாட்களில் முதுகு நனையக் குளிக்கவோ வியர்க்கவோ கூடாது என்பதால் கத்திரி வெயிலில் செய்யாமல் மார்கழி, தை பக்கம் வைத்துக்கொள்வது நம் ஊருக்கு நல்லது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ரத்தத்தை எடுத்து ‘அலர்ஜி பேனல்’ பார்ப்பதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். அது ஆஸ்துமா, தும்மல் வகை ஒவ்வாமைக்கான சோதனை. உலோகத் தொடு ஒவ்வாமையைக் காட்டாது. நகையைச் சோதிக்க வேண்டுமானால் டைமெத்தில்கிளையாக்சைம் என்ற ரசாயனம் இருக்கிறது. அதிலும் அம்மோனியாவிலும் ஒவ்வொரு துளி விட்ட பஞ்சுக் குச்சியால் தோட்டின் தண்டை அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் வெளிவந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாவிட்டால் முழு நிம்மதி என்று சொல்ல முடியாது. அதன் கண்ணுக்குத் தப்பும் அளவும் சிலருக்குப் போதும்.

மருத்துவர்களிடையே கருத்து ஒன்றுபடாத இடங்களும் உண்டு. சீழ் பிடித்த துளையிலிருந்து நகையை எடுப்பதா வைப்பதா என்பது ஒன்று. எடுத்தால் துளை மூடிச் சீழ் உள்ளே தங்கும் என்பது ஒரு கட்சி, அந்நியப் பொருள் இருக்கும்வரை தொற்று தீராது என்பது இன்னொரு கட்சி. நான் மென்சதையில் லேசான தொற்றானால் வைத்தே மருந்து கொடுப்பேன், குருத்தெலும்பானால் எடுத்துவிடுவேன். முந்திரி, கொண்டைக்கடலை, கோகோ போன்ற உணவுகளில் நிக்கல் உண்டு என்று படித்துச் சுண்டலைக்கூட விட்டுவிடுபவர்களைப் பார்க்கிறேன். உள்ளங்கையிலும் உடம்பெங்கும் அரிப்பு அடங்காத மிகச் சிலருக்கு உணவுக் கட்டுப்பாடு உதவுவதாகச் சான்று இருக்கிறது. காது மட்டும் அரிப்பவருக்குத் தேவை இல்லை. மூட்டு மாற்றும் உலோகங்களுக்கும் தோல் ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பு இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. பிற்காலத்தில் அப்படி ஒரு அறுவை வந்தால் ‘எனக்கு நிக்கல் ஆகாது’ என்று சொல்லிவிட்டால் போதும். இந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இருக்கும். அதைப் போக்கும் மருந்து கிடையாது, தவிர்ப்பதற்கு வழி உண்டு. ஊக்கு, பொத்தான் போன்றவற்றின் உட்பக்கத்தில் நகப்பூச்சு அடித்தால் சில நாள் தாங்கும். துளைக்குள் போகும் தண்டில் அந்த உத்தி வேண்டாம்.

கடைசியாக உங்கள் மகள். நிக்கல் ஒவ்வாமை தாயிடமிருந்து மகளுக்கு அப்படியே இறங்கும் நோயல்ல. பச்சைத் துளை வழியாக நிக்கல் தோலுக்குள் போவதுதான் அதன் முக்கியமான வாசல். அதனால் காது குத்து வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தாய்மாமன் மடியில் உட்காரவைக்க முன்பே ஏற்பாடு செய்திருப்பீர்கள். ஆனால் முதல் தோடு என்ன உலோகம் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தண்டும் திருகாணியும் உட்பட ஒரே உயர் காரட் மஞ்சள் தங்கமாக, குழந்தையின் மடலுக்குச் சற்றுத் தளர்வாக, முனை குத்தாததாக இருக்கட்டும். ஆறு, பத்து, பதினான்கு வார ஊசிகள் போட்டாகிவிட்டனவா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். டெட்டனஸ் பாதுகாப்பு அதிலேயே வருகிறது. குழந்தைக்கு இருதயக் கோளாறு ஏதேனும் இருந்தால் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் நாள் குறிக்க வேண்டாம். பத்தர் தோட்டின் கம்பியாலேயே குத்துவதானால் அந்தக் கம்பியை முன்கூட்டி வாங்கி மருத்துவமனையில் ஆட்டோகிளேவ் செய்து உறையோடு கொண்டுபோகலாம். நெருப்பில் காட்டுவதும் சந்தனம் தடவுவதும் அதற்கு ஈடாகாது. குத்திய பிறகு ஆறு வாரமாவது அந்தத் தோட்டைக் கழற்றாதீர்கள். விழா முடிந்த மாலையிலேயே உறவுக்காரர் யாராவது கவரிங் ஜிமிக்கி ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்து, ஒரு போட்டோவுக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்பார்கள். வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள், குழந்தையின் காதுக்குப் போக வேண்டாம்.